முட்செடியில் கிடந்த வழியப்பம்

மலைக்கும் கடலுக்கும் நடுவிலே ஓர் ஊர் இருந்ததாம். மூடுபனி இறங்கினால் எதிர்வீட்டுக் கதவு தெரியாதாம். அந்த ஊரின் கடைசி வீட்டிலே கல்லிஸ்தாள் என்று ஒரு விதவை இருந்தாள். அப்பம் சுட்டு விற்றுப் பிழைத்தாள். மாவின்மேல் ஒரு மர அச்சை அழுத்திவிட்டுத்தான் அடுப்பில் வைப்பாள். அதனாலே ஒவ்வோர் அப்பத்தின் முதுகிலும் ஒரு கோதுமைக் கதிர் பதிந்திருக்கும். கண் தெரியாதவன்கூடத் தடவிப் பார்த்து, "இது கல்லிஸ்தாள் வீட்டு அப்பம்" என்று சொல்லிவிடுவான்.

அது எந்தக் காலம் என்று கேட்கிறீர்களா? கோயில் கட்டிக் கும்பிட முடியாத காலம், பிள்ளைகளே. இயேசுவின் பேரைச் சொன்னவர்களைத் தேசாதிபதி பிடித்துக்கொண்டு போன காலம். போனவர்கள் திரும்பி வந்ததில்லை. ஆகையால் சபையார் பயந்து பயந்து கூடினார்கள், மறைந்து மறைந்து ஜெபித்தார்கள், அழுகிற குழந்தையின் வாயைப் பொத்திப் பொத்திப் பாடினார்கள்.

பெரிய அப்போஸ்தலர்களின் பேர் உங்களுக்குத் தெரியும். அவர்களுக்குப் பின்னாலே வந்து, ஒரு சபையின் சொல்லை இன்னொரு சபைக்குக் கால்நடையாய்ச் சுமந்துபோனவர்களின் பேர் யாருக்குத் தெரியும்? எழுதிக் கொண்டுபோனால் தேசாதிபதியின் சேவகர் கையில் சிக்கும் என்று சொல்லை நெஞ்சிலே வைத்துக்கொண்டு நடந்தார்கள். துறைமுகத்துச் சபையிலிருந்து மலைக்கு அப்பால் உள்ள சபைக்குப் போகிறவர்கள் எல்லாரும் கல்லிஸ்தாள் வீட்டில்தான் தங்குவார்கள். அவள் வெந்நீர் வைத்து அவர்கள் கால்களைக் கழுவுவாள், கூழ் வார்ப்பாள், புறப்படும்போது கையிலே ஓர் அப்பம் கொடுப்பாள். அதற்கு வழியப்பம் என்று பேர். அங்கேயிருந்து மலையேறினால் அடுத்த ஊர் ஒரு பகல் தூரம். நடுவிலே ஒரு குடிசைகூடக் கிடையாது. வழியப்பம் இல்லாமல் போனவன் கணவாயிலே விறைத்துக் கிடப்பான்.

ஆனால் தூதர்கள் என்று சொல்லிக்கொண்டு ஏமாற்றுக்காரரும் வரத் தொடங்கினார்கள். அதனாலே சபையின் மூப்பர் எரத்தோன் மூன்று விதி வகுத்துக் கொடுத்தார். எரத்தோன் நல்லவர், சபைக்காகத் தூக்கத்தை விட்டவர். அவர் சொன்னார்: "காசு கேட்கிறவன் தூதன் இல்லை. மூன்றாம் நாள் தங்குகிறவன் தூதன் இல்லை. வழியப்பத்துக்கு மேலே ஒன்றைக் கேட்கிறவன் தூதன் இல்லை. இந்த மூன்றையும் மறக்காதே, கல்லிஸ்தாளே."

"மறக்க மாட்டேன் ஐயா" என்றாள் கல்லிஸ்தாள்.

அப்புறம் ஒரு குளிர்காலத்திலே, ஒரு சாயங்காலம், கதவு தட்டும் சத்தம் கேட்டது. தட், தட், தட். அந்தக் காலத்திலே கதவைத் தட்டுவது தூதனாகவும் இருக்கலாம், சேவகனாகவும் இருக்கலாம் அல்லவா? கல்லிஸ்தாள் நடுங்கிக்கொண்டே திறந்தாள்.

வெளியே ஒருவன் நின்றான். சுத்தமான மேலங்கி, சீவின தாடி, தேன் ஒழுகுகிற வாய். "சமாதானம் சகோதரியே. என் பேர் மெனாந்து. துறைமுகத்துச் சபை அனுப்பி வருகிறேன்" என்றான். அவள் கால் கழுவினாள், கூழ் வார்த்தாள், ஆள் அனுப்பி மூப்பரை வரவழைத்தாள். மெனாந்து எழுந்து நின்று சொன்னான்: "வருகிற கர்த்தருடைய நாளிலே பொழுது சாயும் வேளையில், பாழடைந்த சுண்ணாம்புக் காளவாயிலே சபையார் எல்லாரும் கூடியிருங்கள். பிள்ளைகளையும் முதியவர்களையும் விடாமல் அழைத்து வாருங்கள். துறைமுகத்துச் சபைக்குத் தலைவரான கண்காணியே நேரில் வந்து உங்களுக்கு அப்பம் பிட்டுத் தருவார்."

மூப்பருக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்களைத் தேடியா வருகிறார்!" என்றார்.

மறுநாள் விடிந்தது. மெனாந்து காசு கேட்டானா? கேட்கவில்லை. மூன்றாம் நாள்வரை தங்கினானா? ஓர் இரவுதான். வழியப்பத்துக்கு மேலே ஏதாவது கேட்டானா? "இதுவே அதிகம் சகோதரியே" என்று சொல்லி, கதிர் பதிந்த அப்பத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மலைப்பாதையில் ஏறி, பனிக்குள்ளே மறைந்துபோனான்.

"இவனல்லவோ தூதன்!" என்றார் எரத்தோன்.

அன்றைக்கே நடுப்பகலிலே மறுபடியும் கதவு அதிர்ந்தது. தட்டினது கை அல்ல, கால்! "திறக்கிறியா, இல்லே இந்தக் கதவைப் பேத்து அடுப்பிலே வைக்கவா? குளிர் எலும்பைத் தின்னுது!" என்று ஒரு பெண்குரல்.

கல்லிஸ்தாள் திறந்தாள். கோவேறு கழுதை ஓட்டிப் பழகின ஒரு கிழவி, முரட்டுக் கம்பளியும் சேறு படிந்த காலுமாய் நின்றாள். முகம் காய்ச்சலிலே சிவந்திருந்தது.

"யாரம்மா நீங்க?"

"மெலித்தாள். துறைமுகத்திலேயிருந்து வர்றேன். கழுதை வழியிலேயே செத்துப்போச்சு. அது புத்தியுள்ள கழுதை, இந்தக் குளிரிலே நடக்கிறதைவிடச் சாகிறது மேலுன்னு கண்டுக்கிச்சு. நான்தான் முட்டாள், நடந்தே வந்தேன். முதல்லே காசு ஏதாவது வச்சிருக்கியா?"

கல்லிஸ்தாளுக்குப் பகீர் என்றது. முதல் விதி முறிந்துவிட்டது பாருங்கள்.

"காசு எதுக்கு?"

"அங்கே சிறையிலே நம்ம ஆளுக பட்டினி கிடக்கிறாங்க. காவல்காரன் கையிலே ஏதாவது வச்சாத்தான் ரொட்டி உள்ளே போகும். போகிற இடமெல்லாம் கேட்டுத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகணும். அப்புறம் ஒரு கழுதையும் வேணும். முக்கியமான சொல் ஒண்ணு இருக்கு, கேளு: இந்த வாரம் எங்கேயும் கூடாதீங்க. தேசாதிபதி ஆளுகளை மலைமேலே ஏத்திட்டான். ஒவ்வொருத்தரா இல்லாம மொத்தமா அள்ளப் பார்க்கிறான்." சொல்லிக்கொண்டே வந்தவள் அடுப்பங்கரையிலே சுருண்டு விழுந்தாள்.

மூப்பர் வந்தார். விழுந்து கிடந்தவளைக் குனிந்து பார்த்தார்.

"காசு கேட்டாளா?"

"சிறையிலே இருக்கிறவங்களுக்குன்னு கேட்டாள் ஐயா."

"கழுதை கேட்டாளா?"

"கேட்டாள் ஐயா."

"அவன் ஒன்று சொன்னான், இவள் அதற்கு நேர்மாறாகச் சொல்கிறாள். அவன் விதியைக் காத்தான், இவள் வந்ததும் வராததுமாய் இரண்டை உடைத்தாள். கண்காணியார் வருகிற நாளிலே மந்தையைக் கலைக்க வந்தவள் இவள். கூட்டம் நடக்கும்" என்றார் எரத்தோன்.

பயம் எப்படிப்பட்டது தெரியுமா, பிள்ளைகளே? பயந்தவன் கையிலே ஒரு கோலைக் கொடுத்தால் அதைப் பிடித்துக்கொண்டு நடப்பான். வழி பள்ளத்திலே இறங்கினாலும் கோலை நம்பியே இறங்குவான். எரத்தோனுக்கு விதி அப்படி ஆகிவிட்டது.

அன்று மெலித்தாள் எழுந்திருக்கவில்லை. மறுநாளும் எழுந்திருக்கவில்லை. காய்ச்சலிலே, "கூடாதீங்க, கூடாதீங்க, கூடாதீங்க" என்று பிதற்றினாள். கர்த்தருடைய நாளான ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. அது மூன்றாம் நாள். மூப்பர் காலையிலேயே வாசலில் வந்து நின்றார்.

"மிச்சமிருந்த ஒரு விதியும் போயிற்று. வெளியே அனுப்பு."

"ஐயா, நிற்கக்கூட முடியலையே!"

"கல்லிஸ்தாளே, உன் மகள் தெயோனாளும் பேரப்பிள்ளையும் அந்தச் சபையிலேதான் இருக்கிறார்கள். ஒரு பொய்த்தூதிக்காக எல்லாரையும் பணயம் வைப்பாயா?"

மெலித்தாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் கிடந்தாள். சுவரைப் பிடித்து எழுந்தாள். "சண்டை போடாதீங்க. அடுத்த ஊருக்காவது இந்தச் சொல் போய்ச் சேரட்டும். அந்த ஊரு மூப்பருக்காவது காது இருக்கும்" என்றாள். எரத்தோன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கல்லிஸ்தாள் ஓர் அப்பத்தை மடியில் கட்டி, கிழவியைத் தோளிலே தாங்கி, பாதைத் திருப்பம்வரைக்கும் கொண்டுபோய் விடலாம் என்று புறப்பட்டாள். மூடுபனி இறங்கியிருந்தது. முன்னே பத்தடி தெரியாது. இவர்கள் நடந்தால் கல் உருளும் சத்தம் கேட்கும்; இவர்கள் நின்றால் அதுவும் நின்றுபோகும். யாரோ பின்னாலே வருகிறார்களோ என்று கல்லிஸ்தாள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

திருப்பத்திலே காக்கைகள் ஒரு முட்செடியைச் சுற்றிச் சண்டையிட்டன. "செத்த ஆடாட்டம் தெரியுது, பார்" என்றாள் மெலித்தாள். கல்லிஸ்தாள் போய்ப் பார்த்தாள். ஆடு இல்லை. முள்ளுக்குள்ளே ஓர் அப்பம் குளிரிலே கல்லாய் இறுகிக் கிடந்தது. அலகு எட்டின ஓரத்தை மட்டும் காக்கைகள் கொத்தியிருந்தன. அதன் முதுகிலே, ஐயோ, அவள் அழுத்தின கோதுமைக் கதிர்!

"இது நான் மெனாந்துவுக்குக் கொடுத்த வழியப்பமாச்சே! தவறி விழுந்திருக்குமோ?"

மெலித்தாள் காய்ச்சலோடு சிரித்தாள். அந்தச் சிரிப்பு கல்லிஸ்தாளை உலுக்கியது. "தவறி விழுந்தா பாதையிலே விழும். முள்ளுக்குள்ளே எறிஞ்சிருக்கான். இந்த மலையைத் தாண்டப் போகிறவன் பெத்த பிள்ளையை விட்டாலும் விடுவான், அப்பத்தை விடமாட்டான். எறியறவன் யாரு? பக்கத்திலேயே எவனோ இவனுக்கு ஆட்டுக்கறி வேக வச்சுக்கிட்டிருக்கான். மூக்கைத் தூக்கிப் பார் மகளே!"

கல்லிஸ்தாள் மூச்சை இழுத்தாள். குடிசைகூட இல்லாத மலையிலே, பனிக்குள்ளே, கறி வேகும் வாசம் வந்தது. அப்புறம் ஒரு குதிரை செருமியது. அப்புறம் இரும்போடு இரும்பு உரசியது. திருப்பத்துக்கு அப்பால், கூப்பிடு தூரத்திலே, தேசாதிபதியின் பாளயம் இருந்தது.

கல்லிஸ்தாள் அந்த அப்பத்தை எடுத்து மடியிலே போட்டாள், கிழவியை முதுகிலே தூக்கினாள், வந்த வழியே சறுக்கிச் சறுக்கி இறங்கினாள்.

எரத்தோன் இன்னும் அவள் வீட்டு வாசலிலேதான் இருந்தார். "மறுபடியும் கொண்டு வந்துவிட்டாயா?" என்று கோபமாய் எழுந்தார். கல்லிஸ்தாள் காக்கை கொத்தின அப்பத்தை அவர் கையிலே வைத்தாள். எங்கே கிடந்தது என்று சொன்னாள். வாசம் வந்ததையும் குதிரை செருமினதையும் சொன்னாள்.

எரத்தோன் அந்தக் கதிரைத் தடவினார். தரையிலே உட்கார்ந்தார். "உன் வீட்டுக்குள்ளே விதியைக் காத்தான், திருப்பம் தாண்டினதும் எறிந்துவிட்டான். இவளோ நடக்க முடியாமல் தங்கினாள், பசித்தவர்களுக்காகக் கேட்டாள். ஓநாய் வராமலிருக்க வேலி போட்டேன், அம்மா. ஆட்டை வெளியே நிறுத்தி ஓநாயை உள்ளே விட்டது நான்தான்" என்று மார்பிலே அடித்துக்கொண்டார்.

"அழறதுக்கு இப்ப நேரமில்லே மூப்பரே. எழுந்து ஓடுங்க" என்றாள் மெலித்தாள்.

அவர் ஊரின் கீழ்ப்பக்கம் ஓடினார். கல்லிஸ்தாள் கூடையிலே அப்பம் நிரப்பி, அந்த அப்பத்தையும் அடியிலே போட்டுக்கொண்டு, மேல்பக்கம் ஓடினாள். முதல் கதவைத் தட்டினாள்: "இன்னைக்கு வெளியே வராதே!" இரண்டாம் கதவைத் தட்டினாள்: "இன்னைக்கு வெளியே வராதே!" மூன்றாம் கதவு அவள் மகள் தெயோனாளின் கதவு. தட்டினாள். பதில் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "உன் மகள் பிள்ளையைத் தூக்கிட்டு அப்போவே போயிட்டாளே. கண்காணியார் வருகிற இடத்தைக் கூட்டிப் பெருக்கணுமாம்" என்றாள்.

இனி அந்தத் தாய் என்ன செய்வாள், சொல்லுங்கள்? "மிச்சக் கதவையெல்லாம் நீ தட்டு, யாரும் வரவேண்டாம்னு சொல்லு" என்று அவளிடம் சொல்லிவிட்டு, காளவாயை நோக்கி ஓடினாள். பனிக்குள்ளே மரங்கள் நின்றன. கிட்டே போனால் சில மரங்கள் ஈட்டி பிடித்திருந்தன!

"யாரது? எங்கே போறே?" என்று ஓர் ஈட்டி குறுக்கே வந்தது.

"அப்பக்காரி ஐயா."

"இங்கே யாருக்கடி அப்பம்?" என்று சேவகன் கூடைக்குள் கைவிட்டு மேலாக இருந்ததை எடுத்துக் கடித்தான். அப்போது பனியை விலக்கிக்கொண்டு மெனாந்து வந்தான். அவளை அடையாளம் கண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். கல்லிஸ்தாளோ அடியிலே கிடக்கும் அப்பம் அவன் கண்ணில் படாதபடி கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"சமாதானம் சகோதரியே! மலைமேல் ஏறினவன் திரும்பி நிற்கிறானே என்று பார்க்கிறாயா? கண்காணியாருக்கு வழிகாட்டவே திரும்பினேன். இவர்கள் அவருக்குக் காவல்" என்றான்.

உண்மை தெரியாதவளைப் போல அவள் தலைகுனிந்தாள். "அப்படியா சகோதரரே? சீக்கிரமே வந்துட்டேன். அப்பம் வச்சுட்டுக் காத்திருக்கேன்" என்றாள்.

மெனாந்து சேவகன் காதிலே, அவளுக்குக் கேட்காது என்று நினைத்து, "விடு. ஆடு தானாகவே பட்டிக்குள்ளே போகிறது. மற்றவையும் வரட்டும்" என்றான்.

காளவாயின் உள்ளே தெயோனாள் குழந்தையை இடுப்பிலே வைத்துக்கொண்டு தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். "அம்மா, பாரேன், எவ்வளவு சுத்தம்!" என்றாள்.

"வாயைத் திறக்காதே. பிள்ளைக்குப் பால் கொடு. அது அழுதா நாம மூணு பேரும் செத்தோம்."

காளவாய் எப்படி இருக்கும் தெரியுமா? சரிவிலே கட்டியிருப்பார்கள். மேலே கல் கொட்டுகிற பெரிய வாய்; இந்தக் காளவாயிலே அது இடிந்து, உள்ளே இறங்கிப் போகிற வழியாகியிருந்தது. அடியிலே, ஓடைப்பக்கமாக, வெந்த சுண்ணாம்பை வாரி எடுக்கிற சின்னப் பொந்து. சேவகர்கள் பெரிய வாயைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எறிந்தவன் கண்ணிலேயே படட்டும் என்று கல்லிஸ்தாள் காக்கை கொத்தின அப்பத்தைத் தரையின் நடுவிலே வைத்தாள். மகளை முன்னே தள்ளி, பழைய சுண்ணாம்புத் தூளிலே புரண்டு, தவழ்ந்து, பொந்து வழியே வெளியே வந்தாள். தலையிலிருந்து கால்வரைக்கும் வெள்ளை! குழந்தையும் வெள்ளை!

ஓடைக்கரையிலே ஒரே ஒரு சேவகன் நின்றிருந்தான். பனிக்குள்ளிருந்து வெள்ளையாய், சத்தமில்லாமல், இரண்டு உருவங்கள் மண்ணைப் பிளந்து எழுவதைப் பார்த்தான். குழந்தை அவனைப் பார்த்து ஒரு தும்மல் போட்டது. "ஐயோ, இவங்க செத்தா எழுந்திருப்பாங்கன்னு சொன்னது நிஜந்தான்!" என்று ஈட்டியைப் போட்டுவிட்டு ஓடியவன், வெட்கத்தாலோ பயத்தாலோ யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

பொழுது சாய்ந்தது. பனி இன்னும் அடர்ந்து, உள்ளே எத்தனை பேர் போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. தேசாதிபதி குதிரையிலே வந்தான். "எங்கே மந்தை?"

"உள்ளே காத்திருக்கிறது பிரபுவே!" என்றான் மெனாந்து.

சேவகர்கள் பாய்ந்தார்கள். பெருக்கின தரையும் ஓர் அப்பமும்தான் இருந்தன. தேசாதிபதி அதை ஈட்டிமுனையிலே எடுத்துப் பார்த்தான். "கதிர் அச்சு. நீ வந்த அன்று பாளயத்தில் என்ன சொன்னாய்? 'அந்த அப்பக்காரியின் கதிர் அச்சுப் போட்ட கட்டை ரொட்டியை முள்ளிலே எறிந்துவிட்டேன், இங்கே கறி வாசம் இழுத்தது' என்று சிரித்தாயே. முள்ளிலே எறிந்தது உனக்கு முன்னே எப்படி இங்கே வந்தது? உன் வாயாலே அல்ல, உன் வயிற்றாலே என் வேட்டை போயிற்று. உன்னை நம்பி நான் பனியிலே நின்றேன், இனி நீ நில்" என்றான்.

மெனாந்துவின் மேலங்கியை உருவினார்கள். செருப்பைக் கழற்றினார்கள். கணவாய்க்கு மேலே துரத்தினார்கள். அன்று பெய்த பனியிலே வீடு வீடாய்த் தேட முடியாமல் தேசாதிபதியும் பாளயத்தைக் கலைத்துக்கொண்டு கடற்கரைக்கு இறங்கிப்போனான்.

மறுநாள் கல்லிஸ்தாள் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. தட், தட், தட். உள்ளே இருந்தவர்கள் மூச்சை அடக்கினார்கள். கதவிடுக்கு வழியே எரத்தோன் பார்த்தார். "மெனாந்து. காலெல்லாம் கறுத்துப்போயிருக்கிறது" என்றார்.

யாரும் திறக்கப் போகவில்லை. வெளியே அந்தக் குரல், "சமாதானம்" என்று சொல்லத் தொடங்கி, சொல்ல முடியாமல், "அப்பம்... அந்த அப்பம் இருந்தால்..." என்று அழுதது.

கல்லிஸ்தாள் மகளைப் பார்த்தாள், பேரப்பிள்ளையைப் பார்த்தாள். மெலித்தாள் அடுப்போரத்திலிருந்து, "தேசாதிபதி செஞ்சதை நாமும் செஞ்சா, நமக்கு எதுக்குடி தனியா ஒரு சபை?" என்றாள். கல்லிஸ்தாள் திறந்தாள். கால் கழுவினாள். கழுவும்போது அவன் விரல்கள் உணர்வற்றுப்போயிருந்ததைக் கண்டாள்.

ஒரு நாள் போயிற்று. இரண்டாம் நாள் போயிற்று. மூன்றாம் நாள் காலையிலே எரத்தோன் வந்தார். மெனாந்து தலையை மூடிக்கொண்டு நடுங்கினான். மூப்பர் தாம் கொண்டுவந்த விறகை அடுப்பிலே போட்டார்.

மெனாந்துவின் கால்விரல்கள் போயின. தூதன் வேடம் போட்டவனால் அதன்பிறகு ஒரு வழியும் நடக்க முடியவில்லை. சாகும்வரைக்கும் அந்த அடுப்பருகே உட்கார்ந்து, மெய்யான தூதர்கள் கொண்டுபோகும் வழியப்பங்களிலே கதிர் அச்சை அழுத்திக்கொண்டிருந்தான். அவர்கள் யாருடைய பேரும் எந்தக் கல்லிலும் வெட்டப்படவில்லை. அவனோ, கதவு தட்டப்படும்போதெல்லாம் அச்சைக் கீழே போட்டுவிட்டு நடுங்குவான். அந்த ஊரிலே முன்பு எல்லாரும் சுமந்த பயத்தை, கடைசியிலே அவன் ஒருவனே சுமந்தான்.

ஆகையால் பிள்ளைகளே, வருகிறவன் விதியைக் காக்கிறானா என்று பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. யாருக்காகக் காக்கிறான், யாருக்காக மீறுகிறான் என்று அதையும் பாருங்கள். கையிலே வாங்கின அப்பத்தைத் திருப்பம் தாண்டி எறியாதிருங்கள்.

அடுப்பு அணைந்தது, அப்பம் ஆறியது. நடந்தவர்கள் ஊர் சேர்ந்தார்கள், நம் கதையும் வீடு சேர்ந்தது.